காலை அகற்றக் காப்பு உண்டு, மாத்திரைக்கு இல்லை: நீண்டகால நோயும் ஏழைகளும்

கேட்கப்பட்ட கேள்வி இது: வருமானம் குறைந்தவர்களுக்கென்றே பல நாடுகளில் அரசு மருத்துவக் காப்புத் திட்டங்கள் இருக்கின்றன. அப்படியிருந்தும் சர்க்கரை நோய், இதய நோய், சிறுநீரகச் செயலிழப்பு போன்றவற்றோடு வாழும் ஏழைகள் காப்பில்லாமல் நிற்பது ஏன்? தடை எங்கே இருக்கிறது? எதை முதலில் மாற்ற வேண்டும்?

பணம் போதவில்லை என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் பதில். ஏழை நாடுகளில் அது பெருமளவு உண்மையும்கூட. ஆனால் செல்வம் கொழிக்கும் நாடுகளிலும் இதே மக்கள்தான் விடுபடுகிறார்கள். எனவே அந்தப் பதிலோடு நிறுத்திக்கொள்ள முடியாது. கோளாறு திட்டங்களின் அமைப்பிலேயே இருக்கிறது என்பது என் கருத்து. பெரும்பாலான காப்புத் திட்டங்கள் ஏதோ ஒரு நிகழ்வை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. விபத்து, பிரசவம், அறுவை சிகிச்சை என்று எதை எடுத்தாலும் மருத்துவமனையில் சேர்ந்த தேதி ஒன்று இருக்கும், வீடு திரும்பிய தேதி ஒன்று இருக்கும், நடுவில் ஒரு பில் இருக்கும். சர்க்கரை நோய்க்கு அப்படி வீடு திரும்பும் தேதி கிடையாது. இன்று காலை ஊசி, இன்று இரவு ஊசி, நாளையும் அதேதான், முப்பது ஆண்டுகளுக்கு. இந்த நோயாளி ஏழையாகவும் இருந்துவிட்டால் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. ‘நான் இன்னும் ஏழைதான்’ என்றும் ‘நான் இன்னும் நோயாளிதான்’ என்றும் குறிப்பிட்ட இடைவெளியில் அவர் நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டும். நோய் ஒருநாளும் விடுவதில்லை. காப்போ விட்டு விட்டு வருகிறது.

இது சிறு கூட்டத்தின் பிரச்சினை என்று எண்ணிவிடக் கூடாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் தொற்றா நோய்களால் இறந்தவர்கள் குறைந்தது 4.3 கோடிப் பேர். அவர்களில் சுமார் 1.8 கோடிப் பேர் 70 வயதை எட்டாதவர்கள். அப்படி முன்கூட்டியே நேர்ந்த மரணங்களில் 82 சதவீதம் குறைந்த, நடுத்தர வருமானமுள்ள நாடுகளில் நிகழ்ந்தவை. சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் பணக்காரர்களின் நோய்கள் என்ற பழைய எண்ணம் இன்னும் பல கொள்கை வகுப்பாளர்களின் மனத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கணக்கு நேர்மாறாகச் சொல்கிறது.

முதல் தடை, எதற்குக் காப்பு என்ற பட்டியலில் இருக்கிறது. இந்தியாவின் ஆயுஷ்மான் பாரத் பிரதமர் மக்கள் ஆரோக்கியத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2018இல் தொடங்கியது, ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. பெரிய தொகைதான். ஆனால் அது உள்நோயாளிச் சிகிச்சைக்கானது. மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தைய 3 நாள், வெளியேறிய பின் 15 நாள் வரையிலான செலவுகளையும் ஏற்கிறது. பதினாறாவது நாளிலிருந்து சர்க்கரை நோயாளியின் மாத்திரைச் செலவு அந்தக் காப்பீட்டின் எல்லைக்கு வெளியே போய்விடுகிறது. அந்த மருந்துகள் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகத் தரப்பட வேண்டியவை, பல இடங்களில் தரப்படவும் செய்கின்றன. அங்கே இருப்பு இல்லாதபோதோ, வேலை நேரத்தில் போக முடியாதபோதோ கைக்காசுதான். காசு இல்லையென்றால் மாத்திரை நின்றுபோகும். சர்க்கரை கட்டுக்கடங்காமல் போய், பாதத்தில் உணர்ச்சி குறைந்து, தெரியாமல் ஏற்பட்ட கொப்புளம் புண்ணாகி, புண் எலும்பு வரை இறங்கும். அப்போது அறுவை சிகிச்சைக்குக் காப்பீடு வரும். காலை அகற்றுவதற்கு இருக்கிற காப்பு, காலைக் காப்பாற்றும் மாத்திரைக்கு இல்லை. பொருளாதாரக் கணக்காகப் பார்த்தாலும் இதைவிட மோசமான செலவு கிடையாது.

பட்டியல் ஒருவரை எப்படிக் கைவிடும் என்பதற்கு மெக்சிகோவின் செகுரோ பாப்புலார் இன்னொரு சான்று. முறைசார்ந்த வேலையில் இல்லாத கோடிக்கணக்கான மக்களுக்குக் காப்பளித்து, உலகெங்கும் பாராட்டப்பட்ட திட்டம் அது. ஆனால் முற்றிய சிறுநீரகச் செயலிழப்புக்கான டயாலிசிஸை அது ஏற்கவில்லை. சர்க்கரை நோய் பரவலாக உள்ள நாட்டில், அந்நோய் கொண்டுசேர்க்கும் முக்கியமான முடிவு ஒன்றுக்கே காப்பு இல்லாமல் இருந்தது. தாய்லாந்தும் 2002இல் தன் 30 பாத் திட்டத்தைத் தொடங்கியபோது டயாலிசிஸைச் செலவு கருதி ஒதுக்கித்தான் வைத்திருந்தது. 2008இல் அதைச் சேர்த்தார்கள். சேர்த்த விதமும் கவனிக்கத்தக்கது. வயிற்றறை வழியாக வீட்டிலேயே செய்துகொள்ளும் டயாலிசிஸை முதல் தேர்வாக வைத்து, அதற்கான திரவப் பைகளை நோயாளியின் வீட்டுக்கே அனுப்பினார்கள். எல்லாருக்கும் ஒத்துவரும் முறை அல்ல அது; தொற்று ஏற்படும் ஆபத்து உண்டு, சுத்தமான இடம் வேண்டும். ஆனால் டயாலிசிஸ் நிலையம் இல்லாத ஊரில் வாழ்ந்தவர்களுக்கு அது உயிரைத் தந்தது. 2022இல் நோயாளியே முறையைத் தேர்ந்துகொள்ளலாம் என்று விதியை மாற்றினார்கள்.

இங்கிலாந்தில் சிக்கல் வேறு உருவில் இருக்கிறது. அங்கே பெரும்பாலான சிகிச்சை இலவசம். ஆனால் மருந்துச் சீட்டுக்குக் கட்டணம் உண்டு. குறிப்பிட்ட சில நோயுள்ளவர்களுக்கு விலக்கு. அந்த விலக்குப் பட்டியல் 1968இல் போடப்பட்டது. இன்சுலினோ மாத்திரையோ எடுக்கும் சர்க்கரை நோயாளி, வலிப்பு நோயாளி, தைராய்டு குறைபாடுள்ளவர் அதில் இருக்கிறார்கள். ஆஸ்துமா இல்லை. புற்றுநோய் 2009இல்தான் சேர்ந்தது. மிகக் குறைந்த வருமானத்தில் உதவித்தொகை பெறுபவருக்குத் தனி விலக்கு உண்டு என்றாலும், அந்த வரம்புக்குச் சற்று மேலே கூலி வாங்கும் ஆஸ்துமா நோயாளி இன்ஹேலருக்குக் காசு கட்டுகிறார். வேல்ஸ் 2007லும் வட அயர்லாந்து 2010லும் ஸ்காட்லாந்து 2011லும் கட்டணத்தையே எடுத்துவிட்டன.

‘சிறு தொகைதானே, அதைக்கூடக் கட்ட முடியாதா’ என்று கேட்பவர்கள் உண்டு. 1970களில் அமெரிக்காவில் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் நடத்திய பெரிய சோதனை ஒன்று இதற்கு விடை தருகிறது. குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்கு முழு இலவசம், மற்றவர்களுக்குச் செலவில் பங்கு என்று வைத்துப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். செலவில் பங்கு கேட்டபோது மக்கள் தேவையற்ற சிகிச்சையை மட்டும் குறைக்கவில்லை, தேவையானதையும் குறைத்தார்கள். சராசரி மனிதரின் உடல்நலத்தில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆனால் உயர் இரத்த அழுத்தம் உள்ள ஏழைகளுக்கு, இலவசச் சிகிச்சை கிடைத்தபோது அழுத்தம் மேலும் நன்றாகக் கட்டுப்பட்டது. சராசரியை மட்டும் பார்த்துக் கொள்கை வகுத்தால் யார் காணாமல் போவார்கள் என்பதற்கு இது போதும்.

இனி, என்னை மிகவும் வருத்தும் தடைக்கு வருகிறேன். அது தாள். விண்ணப்பம், வருமானச் சான்று, முகவரிச் சான்று, வேலைச் சான்று, மருத்துவச் சான்று, புதுப்பித்தல் கடிதம். சட்டப்படி முழுத் தகுதி உள்ளவரைத் தகுதியில்லாதவர் ஆக்க ஒரு தாள் தவறினால் போதும். இதை மிகத் தெளிவாகக் காட்டுவது அமெரிக்காவின் மெடிக்கெய்ட். 1965 முதல் ஏழைகளுக்கான காப்பு அதுதான். பெருந்தொற்றுக் காலத்தில், யாரையும் பட்டியலிலிருந்து நீக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு மாநிலங்களுக்குக் கூடுதல் நிதி தரப்பட்டது. 2023 மார்ச் இறுதியில் அந்த ஏற்பாடு முடிந்தது, மறுபரிசீலனை தொடங்கியது. அடுத்த ஒன்றரை ஆண்டுக்குள் 2.5 கோடிப் பேருக்கு மேல் நீக்கப்பட்டார்கள். அவர்களில் சுமார் 69 சதவீதம் பேர் நீக்கப்பட்டது நடைமுறைக் காரணங்களுக்காக. வருமானம் கூடிவிட்டது என்று கண்டறிந்து எடுத்த முடிவு அல்ல அது. படிவம் திரும்பி வரவில்லை, கடிதம் பழைய முகவரிக்குப் போனது, கேட்ட தாள் குறித்த நாளில் சேரவில்லை, அவ்வளவுதான். வாடகை கட்ட முடியாமல் அடிக்கடி வீடு மாறுபவருக்குத்தான் கடிதம் தவறும். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் இயந்திரத்தோடு கட்டுண்டு, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் கழித்துத் தளர்ந்து வீடு திரும்புபவருக்குத்தான் படிவம் கெடு தாண்டும். காப்பு யாருக்கு அதிகம் தேவையோ அவரே தவறும்படி ஒரு நடைமுறை அமைந்திருக்கிறது.

நீக்கப்பட்டவர்களில் பலர் சில மாதங்களில் மீண்டும் சேர்க்கப்படுகிறார்கள் என்று அதிகாரிகள் சமாதானம் சொல்வதுண்டு. இன்சுலின் ஊசியை நம்பியே வாழும் முதல் வகைச் சர்க்கரை நோயாளிக்குச் சில மாதங்கள் என்பது பொருளற்ற பேச்சு. இன்சுலின் முழுதாக நின்றால் ஒருசில நாட்களிலேயே இரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கு ஆபத்து வந்துவிடும். இரத்தக் கொதிப்பு நோயாளிக்கு இடைவெளி சத்தமின்றி வேலை செய்யும்; வலி இருக்காது, ஒரு நாள் பக்கவாதமாக வெளிப்படும்.

ஆர்கன்சா மாநிலத்தில் 2018இல் நடந்ததையும் சொல்ல வேண்டும். மெடிக்கெய்ட் பெறும் 30 முதல் 49 வயது வரையிலானவர்கள் மாதம் 80 மணி நேரம் வேலையோ அதற்கு ஈடான பணியோ செய்வதாகக் காட்ட வேண்டும் என்று அந்த ஆண்டு ஜூன் முதல் விதி வந்தது. மூன்று மாதம் தவறினால் அந்த ஆண்டின் மிச்ச மாதங்களுக்குக் காப்பு போய்விடும். நோயாளிகளுக்கு விலக்கு உண்டு என்று எழுதியிருந்தார்கள். ஆனால் விலக்கு தானாக வராதவர்கள் தாங்களே பதிந்து பெற வேண்டும். பதிவு இணையதளம் வழியாக மட்டுமே என்று தொடங்கினார்கள். அந்த இணையதளமோ இரவு 9 மணி முதல் காலை 7 மணி வரை மூடியிருக்கும். இணையதளத்தை இரவில் மூடிவைக்க என்ன காரணம் சொன்னாலும் என் மனம் ஏற்காது. பகலெல்லாம் வேலை செய்துவிட்டு இரவில் மட்டும் நேரம் கிடைப்பவரை, வேலை செய்யவில்லை என்று சொல்லி நீக்கும் ஏற்பாடு அது. அந்த ஆண்டு முடிவதற்குள் 18,000க்கும் மேற்பட்டோர் காப்பிழந்தார்கள். 2019 மார்ச்சில் நீதிமன்றம் விதியை நிறுத்தியது. பிறகு வந்த ஆய்வில் இரண்டு செய்திகள் தெரியவந்தன: விதிக்கு உட்பட்டவர்களில் 95 சதவீதத்துக்கு மேற்பட்டோர் ஏற்கெனவே வேலை நிபந்தனையை நிறைவேற்றியவர்கள் அல்லது விலக்குக்குரியவர்கள்; வேலைவாய்ப்பும் கூடவில்லை. இவ்வளவும் தெரிந்த பிறகு 2025 ஜூலையில் அமெரிக்காவில் நிறைவேறிய சட்டம், அதே 80 மணி நேர நிபந்தனையை, மெடிக்கெய்ட் விரிவாக்கத்தில் (முன்பு தகுதி பெறாத, குறைந்த வருமானமுள்ள பெரியவர்களுக்கும் அந்தக் காப்பை நீட்டிய ஏற்பாடு) சேர்ந்தவர்களுக்கு 2027 தொடக்கத்துக்குள் நாடு முழுவதும் கொண்டுவருகிறது. அதோடு அவர்களின் தகுதியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சரிபார்க்கவும் சொல்கிறது.

மோசடியைத் தடுக்க வேண்டாமா என்ற கேள்வி நியாயமானது. பொதுப்பணம் தகுதியில்லாதவருக்குப் போகக் கூடாது. ஆனால் வரி, சம்பளம், ஓய்வூதியம், உணவு உதவி பற்றிய விவரங்கள் அரசிடமே இருக்கின்றன. அவற்றைப் பார்த்து அரசே சரிபார்க்கலாம். ஐயம் எழுந்தால் மட்டும் நோயாளியைக் கேட்கலாம். அமெரிக்கச் சட்டத்திலேயே அப்படித் தானாகப் புதுப்பிக்கும் வழி இருக்கிறது. அதை முழு மனத்தோடு பயன்படுத்திய மாநிலங்களில் இழப்பு குறைவு.

வருமான வரம்பும் தனி ஒரு பொறி. நீண்டகால நோயாளியின் வருமானம் நேர்கோட்டில் போவதில்லை. உடல் ஒத்துழைக்கும் மாதத்தில் கூடுதல் நேரம் உழைப்பார், அடுத்த மாதம் படுத்திருப்பார். நல்ல மாதத்து வருமானம் வரம்பைக் கொஞ்சம் தாண்டினாலும் முழுக் காப்பும் பறிபோகும் என்றால், நலமாக இருக்கும்போதும் உழைக்க அஞ்சுவார். அமெரிக்காவில் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்குமான துணை வருமான உதவியைப் பெற, தனியாள் ஒருவரிடம் 2,000 டாலருக்கு மேல் சேமிப்பு இருக்கக் கூடாது. 1989 முதல் அந்தத் தொகை மாறவில்லை. பல மாநிலங்களில் மெடிக்கெய்ட் அந்த உதவியோடு பிணைந்திருக்கிறது. இதய நோயாளி ஒருவர் அவசரத்துக்கென்று நான்கு காசு சேர்த்தால் மருந்து போய்விடும் என்ற நிலை.

இதற்கு எதிர்முனையில், வரம்புக்குக் கீழே இருந்தும் காப்பில்லாதவர்கள் இருக்கிறார்கள். மெடிக்கெய்ட் விரிவாக்கம் மாநிலங்களின் விருப்பம் என்று 2012இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பத்து மாநிலங்கள் இன்னும் அதை ஏற்கவில்லை. அவற்றில் பெரும்பாலானவற்றில் குழந்தையில்லாத ஏழை ஒருவர் அரசுக் காப்புக்கும் தகுதி பெறாமல், தனியார் காப்பீட்டுக்கான மானியத்துக்கும் தகுதி பெறாமல் நடுவில் நிற்கிறார். மானியம் கிடைக்கும் அளவுக்கு அவர் வருமானம் ‘அதிகமில்லை’ என்பதே காரணம். நோயால் வேலை செய்ய இயலாதவர் மெடிகேர் என்ற இன்னொரு அரசுக் காப்பைப் பெற வழியுண்டு. அதற்கு, இயலாமை உதவித்தொகை பெறத் தொடங்கிய பின் 24 மாதம் காத்திருக்க வேண்டும். சில நோய்களுக்கு மட்டும் விலக்கு.

காப்பு எல்லாம் சரியாக இருந்தும் சிகிச்சைக்குப் போய்ச்சேர முடியாதவர்களை எந்த நீக்கப்பட்டோர் கணக்கும் காட்டாது. மாதம் ஒருமுறை மருந்து வாங்கப் போவதென்றால் நாள்கூலிக்காரருக்கு அன்றைய கூலி போகும், பஸ் செலவு சேரும், வரிசையில் நின்றுவிட்டு ‘டாக்டர் இல்லை, நாளை வாருங்கள்’ என்று கேட்டால் இரண்டு நாள் கூலி போகும். இலவச மருந்தின் உண்மையான விலை இதுதான். நிலையான நோயாளிக்கு மாதாமாதம் வரச் சொல்ல மருத்துவக் காரணம் பெரிதாக இல்லை. எச்.ஐ.வி. சிகிச்சையில் நிலையான நோயாளிகளுக்கு மூன்று முதல் ஆறு மாத மருந்தை ஒரே முறையில் கொடுக்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2016இலேயே பரிந்துரைத்துவிட்டது. பல ஏழை நாடுகள் அதைச் செய்துகாட்டின. அதே அறிவை இரத்தக் கொதிப்பு மாத்திரைக்குக் கொண்டுவர ஏன் இவ்வளவு தாமதம்? தமிழ்நாடு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரை, இரத்தக் கொதிப்பு மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுசெல்கிறது. பிரேசில் 2011 முதல் இந்த இரண்டு நோய்களுக்கும் குறிப்பிட்ட மருந்துகளைத் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருந்துக் கடைகளிலேயே இலவசமாகத் தருகிறது. இரண்டும் வேறு வேறு வழிகள். இரண்டிலும் அலைச்சல் நோயாளியின் தலையில் விழுவதில்லை.

பட்டியலில் பெயரே ஏறாதவர்கள் பற்றியும் சில வரிகள். வீடற்றோர், ஊர்விட்டு ஊர் போய் உழைப்பவர்கள், ஆவணங்களில் பெயர் மாறி மாறிப் பதிந்தவர்கள், கைரேகை தேய்ந்த உழைப்பாளிகள். ஆயுஷ்மான் பாரத் தொடங்கியபோது பயனாளிகளைப் பெரும்பாலும் 2011ஆம் ஆண்டுச் சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பிலிருந்து எடுத்தார்கள். ஏழாண்டுகளில் ஏழையானவர் அந்தப் பட்டியலில் எப்படி இருப்பார்? நீண்டகால நோய்தான் பல குடும்பங்களை இடைக்காலத்தில் ஏழையாக்குகிறது என்பதை நினைத்தால் இந்தக் கேள்வி இன்னும் கனக்கும். 2024இல் 70 வயது நிறைந்த எல்லாரையும் வருமானம் பாராமல் சேர்த்தது நல்ல திருத்தம். ஆதாரில் உள்ள வயது போதும், ஏழ்மைச் சான்று தேவையில்லை.

எதை முதலில் மாற்றுவது என்று கேட்டால் என் வரிசை இதுதான். எல்லாவற்றுக்கும் முன்னால், நீண்டகால நோய் ஒருமுறை பதிவானபின் குறைந்தது ஓராண்டுக்கு, முடிந்தால் அதற்கு மேலும், யாரும் காப்பை நிறுத்தக் கூடாது. சரிபார்க்கும் சுமை அரசுடையதாக வேண்டும். இதற்குப் புதிய மருத்துவமனை வேண்டாம், புதிய மருத்துவர் வேண்டாம், விதி மாறினால் போதும். அடுத்தது, புறநோயாளி மருந்துகளையும் பரிசோதனைகளையும் காப்புக்குள் கொண்டுவருவது. இன்சுலின் 1921இல் கண்டுபிடிக்கப்பட்டது, காப்புரிமை பெயரளவில் ஒரு டாலருக்குக் கைமாறியது. நூறு ஆண்டு கழித்தும், இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் இன்சுலின் தேவைப்படுவோரில் இரண்டு பேருக்கு ஒருவருக்கு அது கிடைப்பதில்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். மருந்து இருக்கிறது, அறிவு இருக்கிறது, கொண்டுசேர்க்கும் ஏற்பாடு மட்டும் இல்லை. டயாலிசிஸ் போன்ற பெருஞ்செலவுகளை மூன்றாவதாக வைக்கிறேன். அதன் பெறுமதி குறைவு என்பதால் அல்ல. முதல் இரண்டையும் செய்தால் அந்த நிலைக்குப் போகிறவர்கள் குறைவார்கள் என்பதால்.

விதிகள் மாறும் வரை காத்திருக்க முடியாதவர்களுக்காகச் சில செய்திகள். புதுப்பிக்கும் தேதி எது என்று அலுவலகத்தில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முகவரியோ தொலைபேசி எண்ணோ மாறினால் அன்றே தெரிவியுங்கள். எல்லாத் தாள்களும் கையில் சேரவில்லை என்று படிவத்தை நிறுத்திவைக்காதீர்கள், இருப்பதைக் கெடுவுக்குள் கொடுத்து ரசீது வாங்குங்கள். நோய் எது, மருந்து எது, நின்றால் என்ன ஆகும் என்று மருத்துவரிடம் ஒரு பக்கக் கடிதம் பெற்றுப் பல படிகள் எடுத்து வையுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாய்மொழி மறுப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்வது கடினம். மெடிக்கெய்டில் இருப்பவர்களுக்கு இரண்டு உரிமைகள் உண்டு, பலருக்கு அவை தெரிவதில்லை. நீக்கம் நடைமுறைக்கு வரும் நாளுக்கு முன்பே விசாரணை கேட்டால், பொதுவாக முடிவு வரும்வரை காப்பு தொடரும். ஆனால் தோற்றால் அந்தக் காலத்துச் செலவை மாநிலம் திருப்பிக் கேட்கக்கூடும். படிவம் தராததால் நீக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர், 90 நாட்களுக்குள் அதே படிவத்தைக் கொடுத்தால், புதிய விண்ணப்பம் இல்லாமலே அவர்களின் தகுதியை மாநிலம் மீண்டும் பார்க்க வேண்டும்.